பிரேக் போட்டால் ஆஃப் ஆகும் பழைய வீரா: 2,340 வெள்ளி பில், ஒரு சோதனைகூட இல்லை

பினாங்கு, பிறை வட்டாரத்தில் பழைய புரோட்டோன் காடி வைத்திருப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். சிக்னலுக்கு முன் வேகத்தைக் குறைக்கும்போது இன்ஜின் ஆஃப் ஆகிறது என்று கொண்டுபோன 2001 வீரா 1.5 ஆட்டோ ஒன்றுக்குப் பிறையில் ஒரு பட்டறை 2,340 வெள்ளி வாங்கியது. காடி எங்கள் சின்னம்மாவுடையது. பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்கள் செய்ததை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இதே வேலையை வேறு இடங்களிலும் செய்கிறார்கள்.

பில்லில் இருந்தவை: பெட்ரோல் பம்ப், நான்கு பிளக், பிளக் வயர், கியர்பாக்ஸ் எண்ணெய், ஒரு ஹாஃப்-கட் இசியு (வெட்டிப் பிரித்த பழைய காடியிலிருந்து எடுத்த, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பாக்ஸ்), கூலி. "ஆன்ட்டி, கம்ப்யூட்டர் பாக்ஸ் போயிருச்சு, பழைய காடின்னா அப்படித்தான்" என்று போமென், அதாவது பட்டறை மெக்கானிக், சொல்லியிருக்கிறார். எந்த அளவை வைத்துச் சொன்னார் என்பதற்குப் பில்லில் ஒரு வோல்ட், ஒரு ஓம், ஒரு பார்கூட எழுதப்படவில்லை. கழற்றிய சாமான் எதையும் திருப்பித் தரவில்லை. காடி ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு பட்டர்வொர்த் போகும் வழியில் சிக்னலில் மறுபடி ஆஃப்.

அந்த ஒரு வாரம் எப்படி ஓடியது என்பதுதான் இதில் மோசமான விஷயம். இன்ஜினுக்குள் போகும் காற்றை ஒரு தட்டால் கட்டுப்படுத்தும் த்ரோட்டில் பாடியின் பக்கவாட்டில், அந்தத் தட்டு முழுதாக மூடாமல் தாங்கி நிற்கும் சிறிய திருகு ஒன்று உண்டு. தொழிற்சாலையில் அளவு வைத்துப் பெயின்ட் பூசி விடுவார்கள், அதைத் தொடக்கூடாது. சின்னம்மாவின் காடியில் அந்தப் பெயின்ட் உடைந்திருந்தது. திருகின் வெட்டில் ஸ்க்ரூட்ரைவர் பட்ட இடம் புது உலோகமாகப் பளபளத்தது. திருகை உள்ளே முடுக்கினால் தட்டு கொஞ்சம் திறந்தே இருக்கும், ஐட்லிங் (ஆக்சிலேட்டர் மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறும், இன்ஜின் ஆஃப் ஆகாது. வாடிக்கையாளர் ஓட்டிப் பார்த்து, சரியாகிவிட்டது என்று பணத்தைக் கட்டுவார். ஆனால் தட்டு எவ்வளவு திறந்திருக்கிறது என்று இசியுவுக்குச் சொல்லும் த்ரோட்டில் பொசிஷன் சென்சாரின் மூடிய நிலை அளவு மாறிவிடும், கால் எடுத்துவிட்டோமா இல்லையா என்று இசியுவுக்கே தெளிவாகத் தெரியாது. கியர் டி-யில் (டிரைவ்) இருந்தால் காடி தானாக இழுக்கும், பிரேக் தேயும், பெட்ரோல் கூடக் குடிக்கும். மூலக் கோளாறு அப்படியே இருக்கும்.

கோளாறு எங்கே பிறக்கிறது என்று தெரிந்தால் ஏமாறுவது குறையும். ஓடும் காடியில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் த்ரோட்டில் தட்டு மூடுகிறது, இசியு பெட்ரோலை நிறுத்துகிறது. ஆர்பிஎம் (இன்ஜின் சுற்றும் வேகம்) இறங்கி ஐட்லிங்கை நெருங்கும்போது பெட்ரோல் மறுபடி வரும். அந்த நொடியில் இன்ஜினுக்கு வேண்டிய காற்று, மூடிய தட்டைச் சுற்றிப் போகும் சின்ன வழியாக வரவேண்டும். அந்த வழியைக் கூட்டிக் குறைப்பது ஐஎஸ்சி மோட்டார். அது தாமதித்தாலோ, வழி கரியால் அடைத்திருந்தாலோ, வேறெங்கோ கணக்கில் வராத காற்று புகுந்தாலோ, ஆர்பிஎம் 750-ல் நிற்காமல் கீழே போய் இன்ஜின் செத்துவிடும். அதனால் வேகம் குறையும்போது மட்டும் ஆஃப் ஆகும் காடியில் முதலில் பார்க்க வேண்டியது காற்று வழி. பெட்ரோல் பம்ப் பலவீனமானால் அது பாயா தெருபோங் மேட்டில் ஏறும்போது, பாலத்தில் வேகம் எடுக்கும்போது காட்டிக்கொடுக்கும். ஐட்லிங்கில் இன்ஜின் கேட்கும் பெட்ரோல் மிகக் குறைவு.

பம்ப் மேல் சந்தேகம் என்றால் அளந்து காட்டச் சொல்லுங்கள். இந்த மிட்சுபிஷி வகை எம்பிஐ (பெட்ரோலை இன்ஜெக்டரால் பீய்ச்சும்) இன்ஜினில், பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வாக்குவம் குழாயைக் கழற்றினால் அழுத்தம் சுமார் 3.3 பார், மாட்டினால் ஐட்லிங்கில் சுமார் 2.7 பார். கேஜ் மாட்டினால் உடனே தெரிந்துவிடும். கழற்றிய குழாய்க்குள் பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டரின் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது, அதுவும் வேகம் குறையும்போது ஆஃப் ஆக்கும்.

பட்டறைக்குப் போகும் முன் நீங்களே பார்க்கக்கூடியவை சில. சாவியை ஆன் மட்டும் செய்து, ஸ்டார்ட் பண்ணாமல், ஒருவரை த்ரோட்டில் பாடி பக்கம் காது வைக்கச் சொல்லுங்கள். ஆன் செய்த உடனே ஐஎஸ்சி மோட்டார் இயங்கும் மெல்லிய சத்தம் கேட்க வேண்டும். சத்தமே இல்லை என்றால் மோட்டார், வயர், இசியு மூன்றில் ஒன்று. அடுத்தது ஏர்கோன்: அது போட்டால் மட்டும் ஆஃப் ஆகிறது என்றால், சுமை ஏறும்போது ஐட்லிங்கை உயர்த்த வேண்டிய ஐஎஸ்சி வேலை செய்யவில்லை என்று பெரும்பாலும் பொருள்.

பிரேக் சோதனை தனி. காடி நின்ற இடத்தில், என்-னில் (நியூட்ரல்), ஐட்லிங்கில் பிரேக்கை மிதியுங்கள். புஸ் என்று காற்று சத்தம் தொடர்ந்து வந்து ஆர்பிஎம் தடுமாறினால் பிரேக் பூஸ்டரோ (மிதிக்கும் அழுத்தத்தைக் கூட்டித் தருவது) அதன் குழாயோ காற்று விடுகிறது. சாலையில் பிரேக் போட்டால் ஆஃப் ஆவதற்கும் அதுவே காரணமாகலாம். இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து பூஸ்டருக்குப் போகும் தடித்த ரப்பர் குழாயை, கிளிப் கடிக்கும் இடத்தில் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு அங்கேதான் வரும். இதில் காலம் கடத்தாதீர்கள், பிரேக் சம்பந்தப்பட்டது.

ஆட்டோ காடியில் இன்னொன்று. டி-யில் நிற்கப் போகும்போது ஆஃப் ஆகி, என்-க்குத் தள்ளிவிட்டு உருட்டினால் ஆஃப் ஆகவில்லை என்றால், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் லாக்-அப் (இரண்டையும் இறுக்கிப் பிணைக்கும் பிடி) விடாமல் பிடித்திருக்கலாம். ஆனால் டி-யின் சுமையைத் தாங்க முடியாத பலவீனமான ஐட்லிங்கும் இதே மாதிரி நடக்கும். முதலில் ஐட்லிங்கைச் சரி செய்யாமல் கியர்பாக்ஸ் ஓவர்ஹாலுக்குத் தலையாட்டாதீர்கள். காடி சூடான பிறகு ஆஃப் ஆகி, ஆறும்வரை ஸ்டார்ட் ஆகவே மாட்டேன் என்றால் அது வேறு நோய். இன்ஜின் சுற்றுவதை இசியுவுக்குச் சொல்லும் க்ராங்க் ஆங்கிள் சென்சார், இசியுவுக்கு மின்சாரம் தரும் எம்பிஐ ரிலே பக்கம் பார்க்க வேண்டும்.

சின்னம்மாவின் காடியில் ஐஎஸ்சி மோட்டாரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தோம். ஆறு முள் கொண்டது. நடு முள் 2-க்கும் 1, 3-க்கும் இடையே, அதேபோல் 5-க்கும் 4, 6-க்கும் இடையே, 20 டிகிரியில் 28 முதல் 33 ஓம் இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் கொஞ்சம் கூடக் காட்டினால் பிசகில்லை. மூன்று சுருள் சரியாக இருந்தன. 2-க்கும் 3-க்கும் இடையே மீட்டர் அசையவே இல்லை, சுருள் அறுந்திருந்தது. மோட்டார் நுனியில் கெட்டியான கரி. த்ரோட்டில் தட்டின் விளிம்பைச் சுற்றியும் கறுப்பு வளையம், துணியால் துடைத்தால் பசை மாதிரி ஒட்டியது. புது பிளக் போட்டவர்களுக்கு இந்தக் கரி கண்ணில் படவில்லையா?

இசியு விஷயத்தில் கவனம் வேண்டும். ஐஎஸ்சி சுருள் அறுந்தால் இசியு பெரும்பாலும் தப்பிக்கும். சுருள் ஷார்ட் ஆனால் அதை ஓட்டும் டிரான்சிஸ்டர் எரியும். அந்த நிலையில் மோட்டாரை மாற்றாமல் வேறு இசியு மாட்டினால் அதுவும் எரியும். ஆகவே இசியு போய்விட்டது என்று யார் சொன்னாலும் ஐஎஸ்சியின் ஓம் அளவைக் கேளுங்கள். சாவி ஆன் நிலையில் வயர் பக்க சாக்கெட்டின் 2, 5 முட்களில் பேட்டரி வோல்ட் வருகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மற்ற நான்கையும் தரைக்கு இழுத்து மோட்டாரை ஓட்டுவது இசியு.

மோட்டார் மாற்றி, த்ரோட்டில் பாடி கிளீனரால் தட்டையும் பக்க வழியையும் கழுவி, அந்தத் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தோம். கிளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள், சூடான இன்ஜின் மேல் பீய்ச்சாதீர்கள், தீப்பிடிக்கும். பேட்டரியின் நெகட்டிவைச் சில நிமிடம் கழற்றி மாட்டி, ஏர்கோன், லைட் எதுவும் போடாமல் சூடான இன்ஜினைப் பத்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டால் இசியு புது அளவைக் கற்றுக்கொள்ளும்.

சரி செய்யும்வரை ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால்: ஆஃப் ஆன காடியில் பிரேக் பூஸ்டரில் ஓரிரு மிதிக்குத்தான் வாக்குவம் மிஞ்சும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். ஸ்டீயரிங் கனக்கும். சாவியை லாக் வரை திருப்பாதீர்கள், என்-க்கு மாற்றி ஸ்டார்ட் பண்ணுங்கள். நெடுஞ்சாலையில் வேண்டவே வேண்டாம்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்களுக்கு வழி இருக்கிறது. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவை தருபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்திருக்க வேண்டும். திரிபியூனல் துந்துத்தான் பெங்குனாவில் (பயனீட்டாளர் கோரிக்கைகளை விசாரிக்கும் நடுவர் மன்றம்) 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் மனு போட வேண்டும். பில், வாட்ஸ்அப் பேச்சு, கழற்றிய சாமானின் படம், இரண்டாவது பட்டறை எழுதிக் கொடுத்த அளவுகள் எல்லாவற்றையும் வைத்திருங்கள். பினாங்கில் இருப்பவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடமும் போய்க் கேட்கலாம். சின்னம்மாவின் மனுவோடு உடைந்த பெயின்ட் தெரியும் திருகின் படத்தையும் அறுந்த ஐஎஸ்சி மோட்டாரையும் சேர்த்திருக்கிறோம்.