பெரிய பெயரா, சின்ன அறையா? காமெடி கிளப்பில் ஒரு மாலை

நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "முதல் தடவையா மனைவியோட காமெடி கிளப்புக்குப் போறேன். ஒரே ராத்திரியில நாலு ஷோ போட்டிருக்காங்க. எதுக்கு டிக்கெட் எடுக்க?" அந்த நாலும் இவைதான். ஒரு பிரபலத்தின் ஒரு மணி நேர சோலோ. ஐந்தாறு பேர் அடுத்தடுத்து வந்து போகும் லைன்-அப். பெயர் கொடுத்தால் யாரும் ஏறலாம் என்கிற ஓபன் மைக். எழுதி வைத்தது எதுவும் இல்லாமல் அந்த நிமிடத்தில் நடித்துக்காட்டும் இம்ப்ராவ்.

"லைன்-அப்புக்குப் போங்க" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லோருடைய கையும் முதலில் போவது சோலோ டிக்கெட்டுக்குத்தான். தெரிந்த முகம், போனில் பார்த்துச் சிரித்த ஆள், ஏமாற்றம் இருக்காது என்ற நம்பிக்கை. அதில் தப்பில்லை. ஒரு மணி நேரம் ஒரே ஆள் பேசும்போது மட்டும் கிடைக்கிற சுகம் ஒன்று உண்டு. பத்தாவது நிமிடத்தில் போகிற போக்கில் சொன்ன ஒரு சின்ன விஷயம் ஐம்பதாவது நிமிடத்தில் வேறு வேஷம் போட்டுக்கொண்டு திரும்பி வரும். அப்போது வருகிற சிரிப்பு தனி ரகம். பன்னிரண்டு நிமிடம் மட்டும் பேசுகிறவரால் அந்தக் கோட்டையைக் கட்ட முடியாது.

ஆனால் சோலோவுக்கு இரண்டு ஆபத்து. ஒன்று, அவருடைய ஜோக்கில் பாதியை நீங்கள் ஏற்கெனவே கிளிப்பில் பார்த்திருப்பீர்கள். பஞ்ச் வருவதற்கு முன்பே பக்கத்து இருக்கைக்காரர் அதை முணுமுணுப்பார். இரண்டாவது, பெயர் பெரிதாக ஆக அறையும் பெரிதாகிறது. கடைசி வரிசையில் உட்கார்ந்து மேடையை விட்டுவிட்டுத் திரையைப் பார்க்க வேண்டி வரும். அதற்கு வீட்டிலேயே ஒரு திரை இருக்கிறது. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளலாம்: முதல் பத்து நிமிடத்தில் ஆளைப் பிடிக்கவில்லை என்றால் மிச்சம் ஐம்பது நிமிடம் நீங்கள் கைதி. லைன்-அப்பில் ஒருவரைப் பிடிக்கவில்லை என்றால் அவர் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறங்கிவிடுவார். அப்புறம் வேறு ஆள், வேறு குரல்.

லைன்-அப்பில் என்னை இழுப்பது இந்தப் பாதுகாப்பு மட்டுமல்ல, அங்கே இருக்கிற ஹோஸ்ட். போஸ்டரில் அவர் பெயர் சின்னதாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ஆனால் அந்த ராத்திரி நிற்பதும் விழுவதும் அவர் கையில். ஆபீஸ் களைப்போடும் வண்டி நிறுத்த இடம் தேடிய எரிச்சலோடும் வந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அறுபது பேரை ஒரு கூட்டமாக மாற்றுவது அவர் வேலை. நடுவில் ஒருவர் மேடையில் 'செத்துவிட்டால்' (ஜோக் எடுபடாமல் போவதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) அடுத்தவருக்கு முன்னால் இரண்டு நிமிடம் பேசி அறையை மறுபடி தூக்கி நிறுத்த வேண்டும். ஒரு முறை, தன் விவாகரத்தைப் பற்றி ஒருவர் பேசி அறையே உறைந்து போயிருந்தது. ஹோஸ்ட் வந்தார், மைக்கைப் பிடித்தார், ஒன்றும் பேசவில்லை. மெதுவாகக் கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் வீட்டுக்குப் போனதும் ஒருத்தரை ஒருத்தர் நல்லாப் பார்த்துக்கங்க" என்றார். அவ்வளவுதான். அடைத்துக் கிடந்த சிரிப்பு மொத்தமாக வெளியே வந்தது. அடுத்து ஏறியவருக்கு மேடை சூடாகக் கிடைத்தது.

லைன்-அப்புக்குப் போனால் ஒரு தடவை தலையைத் திருப்பிப் பின்சுவரைப் பாருங்கள். பெரும்பாலான கிளப்புகளில் அங்கே ஒரு சின்ன விளக்கு இருக்கும், பொதுவாகச் சிவப்பு. நேரம் முடியப்போகிறது என்பதற்கான சைகை. அது இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், மேடையில் இருப்பவரின் கண் ஒரு நொடி உங்கள் தலைக்கு மேலே போய்த் திரும்புவது தெரியும். உடனே கதையின் வேகம் கூடும். இரண்டு ஜோக்கைத் தாண்டிக் குதித்து முடிவுக்கு ஓடுவார். இன்னும் கடுமையான ஏற்பாடும் இருந்தது. லண்டனில் 1979-ல் சோஹோ பகுதியில் ஒரு ஸ்ட்ரிப் கிளப்புக்கு மேல் மாடியில் காமெடி ஸ்டோர் தொடங்கியபோது அங்கே விளக்கு வைக்கவில்லை, தட்டு போன்ற பெரிய மணி (gong) வைத்தார்கள். கூட்டம் கத்தினால் மணி அடிக்கும், ஆள் இறங்க வேண்டியதுதான்.

இனி ஓபன் மைக். டிக்கெட் மலிவு, பல இடங்களில் இலவசம். ஆளுக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம். நண்பரை நான் அங்கே அனுப்பவில்லை. ஆனால் எனக்கு ஒரு ராத்திரி தனியாகக் கிடைத்தால் போகிற இடம் அதுதான். சிரிக்கப் போகிறவருக்கு அது மோசமான இடம். பத்து பேரில் இரண்டு பேர் சிரிக்க வைத்தால் நல்ல ராத்திரி. போதாக்குறைக்கு இருக்கைகளில் பாதிப் பேர் தங்கள் முறைக்காகக் காத்திருக்கும் காமெடியன்கள். அவர்கள் சிரிக்க மாட்டார்கள், மடியில் இருக்கும் நோட்டைப் பார்த்து உதடு அசைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் ஜோக் எப்படிச் செய்யப்படுகிறது என்று பார்க்க வேண்டுமென்றால் வேறு இடம் கிடையாது. ஒரே ஆளை மூன்று தடவை பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. முதல் தடவை ஓபன் மைக்கில் அவர் சொன்னது: "எனக்குத் தூக்கம் வராத பிரச்சினை. டாக்டர்கிட்ட போனேன். ரெண்டு மணி நேரம் உட்கார வெச்சாங்க, அங்கேயே தூங்கிட்டேன்." ஓரிரண்டு பேர் மூக்கால் சிரித்தார்கள். அவர் நோட்டில் எதையோ கிறுக்கினார்.

மூன்று வாரம் கழித்து அதே மேடை. இப்போது பிரச்சினை என்ன என்பதை மறைத்துவிட்டார். "டாக்டர்கிட்ட போயிருந்தேன். ரெண்டு மணி நேரம் காக்க வெச்சாங்க. யாரோ தோளைத் தட்டி எழுப்புறாங்க. 'வாங்க சார், என்ன பிரச்சினை?' 'தூக்கமே வரலை டாக்டர்.'" சிரிப்பு வந்தது, ஆனால் கொஞ்சம் பிசகி வந்தது. நானும் ஏன் என்று யோசித்தேன். விடை, சில மாதம் கழித்து ஒரு லைன்-அப்பில் அவரே சொன்னபோது கிடைத்தது. "டாக்டர், தூக்கமே வரலை." அவ்வளவுதான் மாற்றம். முன்பு சிரிப்பு 'வரலை'யில் கிளம்பி, பின்னால் வந்த 'டாக்டர்' மேல் முட்டிக்கொண்டு நின்றது. இப்போது 'வரலை'க்குப் பிறகு ஒன்றும் இல்லை, அறைக்குச் சிரிக்க இடம் இருந்தது. தமிழில் வினைச்சொல் தானாகவே கடைசியில் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதால் நமக்கு இது சுலபம் என்று தோன்றும். பஞ்ச் ஒரு பெயர்ச்சொல்லில் இருந்தால்தான் கஷ்டம். அப்போது, "வாசல்ல நின்னுட்டிருந்தாரு, எங்கப்பா" என்று பேச்சுமொழி போல வாக்கியத்தையே திருப்பிப் போட வேண்டும். நல்ல காமெடியன்கள் இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்கிறார்கள்.

இப்படி மேடையில் பட்டுத் தேறுவதற்குக் காசு கேட்கலாமா என்பது பழைய சண்டை. லாஸ் ஏஞ்சலஸில் 1972-ல் தொடங்கிய, அதே பெயருள்ள இன்னொரு காமெடி ஸ்டோரில் இதற்காகவே 1979-ல் காமெடியன்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிளப் நிறைந்து வழிந்தது, மேடையில் நின்றவர்களுக்கு மட்டும் சம்பளம் இல்லை. இது பயிற்சிக்கூடம் என்பது உரிமையாளர் மிட்ஸி ஷோரின் வாதம். வாரக்கணக்கில் நடந்த மறியலில் பின்னாளில் அமெரிக்க டிவியின் இரவு நிகழ்ச்சிகளால் பெரிய பெயரான டேவிட் லெட்டர்மேன், ஜே லெனோ போன்றவர்களும் இருந்தார்கள். கடைசியில் கிளப் காசு கொடுக்க ஒப்புக்கொண்டது. இலவச ஓபன் மைக்கில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு இது ஞாபகம் வரும், கைதட்டல் கொஞ்சம் தாராளமாகும்.

இம்ப்ராவைச் சீக்கிரம் தாண்டிவிடுகிறேன், எனக்கு அதில் ஒரு ஓரவஞ்சனை உண்டு. அதன் பரம்பரை பெரியது. வயோலா ஸ்போலின் சிறுவர்களுக்காக உருவாக்கிய நாடக விளையாட்டுகளிலிருந்து வளர்ந்தது. அவருடைய மகன் பால் சில்ஸ் சேர்ந்து தொடங்கிய சிகாகோவின் இம்ப்ராவ் அரங்கமான செகண்ட் சிட்டி 1959-லிருந்து இருக்கிறது. நன்றாக அமைந்தால் மந்திரம் போல இருக்கும், அந்தக் காட்சி இனி உலகத்தில் யாருக்கும் கிடைக்காது. அமையாவிட்டால் நாலு பேர் வியர்த்து விறுவிறுத்து உழைப்பதை நாம் அனுதாபத்தோடு பார்த்துக்கொண்டிருப்போம். "ஒரு இடம் சொல்லுங்க" என்று கேட்டதும் யாராவது ஒருவர் "பாத்ரூம்" என்று கத்துவார். எல்லா ராத்திரியும் கத்துவார். பத்துப் பேர் சேர்ந்து போகிற ஆபீஸ் கும்பலுக்கு இது சரியான தேர்வு. இருவர் மட்டும் போவதற்கு நான் சொல்ல மாட்டேன்.

உண்மையில், எந்த ஷோ என்பதைவிட எந்த அறை என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட நாலு பேரோடு இருக்கும்போது நாம் சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்று சிரிப்பை ஆராய்ந்த ராபர்ட் புரோவைன் கண்டார். அப்படியென்றால் நாம் காசு கொடுப்பதில் பாதி பக்கத்தில் இருக்கிறவர்களின் சிரிப்புக்குத்தான். தாழ்ந்த கூரை, நெருக்கிப் போட்ட நாற்காலி, மேடை தவிர மற்ற இடமெல்லாம் இருட்டு. இருட்டில்தான் கூச்சம் போகும். நியூயார்க்கில் காமெடி செல்லர் 1982-லிருந்து ஒரு நிலவறையில்தான் நடக்கிறது. பட் ஃப்ரீட்மன் 1963-ல் அதே ஊரில் தொடங்கிய, பெயரில் மட்டும் 'இம்ப்ராவ்' உள்ள காமெடி கிளப்பின் பின்சுவர் பூசாத செங்கலாக இருந்தது. மூடக் கையில் காசில்லாமல் விட்டது என்பார்கள். இன்று காசு இருப்பவர்களும் அதைப் பார்த்துச் செங்கல் சுவர் எழுப்புகிறார்கள். இருநூறு பேர் கொள்ளும் இடத்தில் நாற்பது பேர் சிதறி உட்கார்ந்தால் உலகத்தின் சிறந்த காமெடியனும் தடுமாறுவார். எண்பது பேர் கொள்ளும் அறையில் எண்பது பேர் இருந்தால் சுமாரானவரும் தேறுவார்.

அதே காரணத்துக்காக, வாரக்கடைசியில் இரண்டு ஷோ இருந்தால் முதல் ஷோ. பின்னிரவு ஷோவில் காமெடியன் துணிச்சலாகப் பேசுவார் என்பது நிஜம்தான். ஆனால் குடித்துவிட்டு வந்தவர்களும் துணிச்சலாகப் பேசுவார்கள். டிக்கெட் விலையோடு, ஆளுக்கு இரண்டு அயிட்டமாவது ஆர்டர் செய்ய வேண்டும் என்ற விதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட் மலிவாக இருப்பதன் ரகசியம் பல இடங்களில் அதுதான்.

அப்புறம், முதல் வரிசையா பின் வரிசையா? முகபாவம் எல்லாம் நன்றாகத் தெரியும் என்று முதல் வரிசையில் நான் ஒரு முறை உட்கார்ந்தேன். மேடையில் இருந்தவர் குனிந்து, "சார் என்ன பண்றீங்க?" என்றார். உண்மையைச் சொல்லியிருந்தால் விட்டிருப்பார். நான் கெட்டிக்காரத்தனமாக, "உங்களைப் பார்த்துட்டிருக்கேன்" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் இரண்டு நொடி அந்த மௌனத்தை அப்படியே நிற்க வைத்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "கைதட்டுங்க, பாவம், இது அவருக்கு முதல் ஓபன் மைக்" என்றார். அந்த ராத்திரியின் பெரிய சிரிப்பு அதுதான்.

கூட்டத்தில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுத்துச் சிரிக்க வைக்கும் இந்தக் க்ரவுட் வொர்க்கை நம்பி வருகிறவர்கள் இப்போது அதிகம். போனில் வரும் கிளிப்புகளில் பெரும்பகுதி அதுதான். எழுதிய ஜோக்கை இணையத்தில் போட்டால் மேடையில் செத்துவிடும், பார்வையாளரோடு நடந்த பேச்சைப் போட்டால் நஷ்டமில்லை என்பது காமெடியன்களின் கணக்கு. அதைப் பார்த்துவிட்டு, ஷோ என்றாலே நாமும் கத்த வேண்டும் போல என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். வேண்டாம். கேட்டால் ஒரு வார்த்தையில் உண்மையைச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் சும்மா இருங்கள். மூன்றாவது அல்லது நாலாவது வரிசை, கொஞ்சம் ஓரம். மேடை தெளிவாகத் தெரியும், மேடை வெளிச்சம் உங்கள் மேல் விழாது.

நண்பர் லைன்-அப்புக்குத்தான் போனார். ராத்திரி பதினொன்றரைக்கு போன் செய்தார். அவரிடம் ஒன்று சொல்ல மறந்திருந்தேன்: கதவு திறக்கும்போதே போய்விட வேண்டும், தாமதமாகப் போனால் மிச்சமிருப்பது முதல் வரிசைதான். கால் மணி நேரம் தாமதமாம். "அவன் என்னை விட்டுட்டான்யா, அவகிட்டதான் பேசினான்" என்றார். பின்னால் அவர் மனைவி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது கேட்டது. "நான் என்ன வேலை பார்க்கிறேன்னு அவகிட்ட கேட்டான். அவ பத்து நிமிஷம் சொல்லியிருக்கா."