குதிரைக்கு வேலி போடப்போகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கானாடுகாத்தான் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. போன ஆடியில் அந்தியூர் சந்தையில் இரண்டு குதிரைகள் வாங்கி வந்தோம். வேலிக்கு அளந்தால் சுற்றளவு ஆயிரம் அடிக்கு மேல். ஒரு காண்ட்ராக்டர் வந்து பார்த்து 1,80,000 ரூபாய் பேசி, பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டார். முள்கம்பி கூடாது, போஸ்ட் இரண்டரை அடியாவது மண்ணுக்குள் போகவேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். "எல்லாம் பாத்துக்கலாம்ணே" என்றார்.

மதுரை போய் நான்கு நாள் கழித்து வந்தால் வேலை முடிந்திருந்தது. சிமெண்ட் போஸ்ட், டைமண்ட் கம்பிவலை, அதற்கு மேல் இரண்டு வரி முள்கம்பி. "அது சும்மா போட்டுக் குடுத்ததுண்ணே, நாய் ஏறாது" என்றார். கழற்றச் சொன்னேன். அடுத்த வாரம் ஆள் அனுப்புவதாகச் சொல்லி மிச்சப் பணத்தையும் வாங்கிப் போனார். ஆள் வரவேயில்லை.

ஐப்பசியில் ஒரு ராத்திரி, பக்கத்தில் கல்யாண வீட்டில் வெடி போட்டார்கள். எங்கள் பெண்குதிரை மிரண்டு ஓடி மூலையில் மோதியது. போஸ்ட் ஒடிந்து சாய, முள்கம்பி அதன் முன்னங்காலில் சுற்றிக்கொண்டது. மாடு கம்பி குத்தினால் பின்வாங்கும். குதிரை மிரண்டால் காலை இழுத்துக்கொண்டே இருக்கும், இழுக்க இழுக்கக் கம்பி உள்ளே இறங்கும். முட்டிக்குக் கீழே அதற்குச் சதை கிடையாது, தோலும் நரம்பும் எலும்பும்தான். டாக்டர் வந்து 14 தையல் போட்டார், டெட்டனஸ் ஊசியும் போட்டார். குதிரைக்கு அந்த நோய் மற்ற கால்நடைகளைவிட சுலபமாக வந்துவிடும். புண் ஆற இரண்டு மாதமானது.

காலையில் ஒடிந்த போஸ்டுகளைப் பார்த்தேன். மண்கறை ஓரடிக்குத்தான் இருந்தது. மேலே மட்டும் சிமெண்டைப் பூசி, அடிவரை கான்கிரீட் போட்டதுபோலக் காட்டியிருக்கிறார். போனில் கேட்டால், "செம்பாறைண்ணே, கடப்பாரை இறங்கல. மாட்டுக்கு இதே வேலிதான் போடுறோம், குதிரைக்கென்ன தனியா?" என்றார். செம்புறாங்கல் பூமிதான், ஒத்துக்கொள்கிறேன். இறங்கவில்லை என்றால் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டாமா?

இப்போது வேறு ஆளை வைத்துப் புதிதாகப் போட்டோம். எட்டடிக்கு ஒரு ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), மூன்றடி உள்ளே, ஐந்தடி வெளியே. ஒவ்வொரு குழியையும் டேப் வைத்து அளந்த பிறகுதான் கான்கிரீட் போட விட்டேன். குழிக்கு, போஸ்டுக்கு, சட்டத்துக்கு என்று மூன்று தவணையாகப் பணம் கொடுத்தேன். குறுக்குச் சட்டம் உள்பக்கம் வரவேண்டும். வெளிப்பக்கம் பொருத்தினால் குதிரை சாயும்போது சட்டம் பிடுங்கிக்கொள்ளும். மூலைகளை வளைத்துவிட்டோம், இல்லாவிட்டால் ஒன்று விரட்டும்போது மற்றது சிக்கிக்கொள்ளும். வலை போடுகிறவர்கள் குளம்பு நுழையாத சின்னக் கண்ணியாகப் பார்த்து வாங்குங்கள். மெல்லிய கம்பி அதன் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, அதனால் மேல் சட்டத்துக்கு வெள்ளை அடித்திருக்கிறோம். யாராவது வீட்டுக் கரண்டையே வேலியில் விடலாம் என்று சொன்னால் உடனே அனுப்பிவிடுங்கள். அது உயிர்ப்பலி, சட்டப்படி குற்றமும்கூட.

பணம் திரும்பி வரவில்லை. ஒடிந்த போஸ்டுகளை மண்கறையோடு வாசலிலேயே போட்டு வைத்திருக்கிறேன். வேலி போடப்போகிற யாரும் வந்து பார்க்கலாம்.