ஏற்றத்தில் மட்டும் ஏ.சி. நிற்கிறதா? "கேஸ் குறைவு" என்றால் பணம் கொடுக்காதீர்கள்

மலையகத்தில் கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். ஏ.சி. சமதரையில் நன்றாகக் குளிர்ந்து, ஏற்றத்தில் மட்டும் நின்று, இறக்கத்தில் தானாகவே திரும்பி வந்தால், "கேஸ் முடிஞ்சிருச்சு", "கம்ப்ரஷர் போயிருச்சு" என்று யார் சொன்னாலும் உடனே தலையாட்ட வேண்டாம். கண்டிப் பக்கத்தில் ஒரு ஏ.சி. கடை இந்த இரண்டையும் சொல்லி என்னிடம் ஒரு லட்சம் ரூபாவுக்கு மேல் வாங்கியது. குளிர வைக்கும் கேஸிலும் கோளாறு இல்லை, அதை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஷரிலும் இல்லை.

என்னுடையது பழைய டொயோட்டா கொரோலா. கொழும்பிலிருந்து அவிசாவளை வரை குளிருக்குக் குறையே இல்லை. கித்துல்கலை தாண்டி, லொறிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் கினிகத்தேனைக்கு ஏறும்போதுதான் வெறும் காற்று வரத் தொடங்கும்.

மலைநாட்டில் ஏ.சி. எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மழையில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நாலு பேர் போனால் முன்கண்ணாடி உட்பக்கம் வியர்த்து வெள்ளையாகிவிடும். அந்த ஈரத்தை இழுப்பது ஏ.சி.தான். வட்டவளை மழையிலும் ரம்பொடை வளைவுகளிலும் அது நின்றுபோனால் ஒரு கையால் துடைத்துக்கொண்டு மறு கையால் ஸ்டியரிங் பிடிக்க வேண்டியதுதான். எங்களுக்கு இது சொகுசு விஷயம் இல்லை.

கடையில் பானெட்டைத் திறந்தார்கள். கேஸின் அழுத்தத்தைக் காட்டும் கேஜை மாட்டவே இல்லை. காற்று வரும் இடத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "கேஸ் குறைஞ்சிருச்சு அண்ணே, அதான் ஏத்தத்துல இழுக்கல" என்றார் வேலை செய்தவர். உள்ளே இருப்பதை எடுத்து நிறுக்காமலேயே மேலே கேஸ் அடித்தார்கள். அதற்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம். முன்பு சூடான கீழ்ப்பகுதி ஏற்றங்களில் மட்டும் நின்றது, இப்போது மேலே குளிரிலும் நின்றது.

திரும்பப் போனேன். இந்த முறை கம்ப்ரஷர் "வீக்" என்று சொல்லி, ஒரு ரீகண்டிஷன் கம்ப்ரஷரைப் போட்டு 85,000 ரூபா வாங்கினார்கள். கம்ப்ரஷர் மாற்றினால் கூடவே மாற்ற வேண்டிய டிரையர் (கேஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் பாகம்) பழையதாகவே இருந்தது. பில்லில் "ஏ.சி. ரிப்பேர்" என்ற இரண்டு சொல்தான். கழற்றிய கம்ப்ரஷரைக் கேட்டேன். ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம், அன்றைக்கே!

அப்புறம் அப்பாவைக் கண்டியில் கிளினிக்குக் காட்டிவிட்டுத் திரும்பிய நாள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கம்பளையை விட்டால் பெரும்பாலும் ஏற்றம்தான். புசல்லாவை தாண்டிப் பனிமூட்டம். ரம்பொடைக்குக் கிட்ட ஏ.சி. நின்றது. கொஞ்ச நேரத்தில் முன்னால் எதுவும் தெரியவில்லை. வளைவில் எதிரே வந்த பஸ்ஸின் ஹாரன் மட்டும் கேட்டது. ஓரம் கட்டி, எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கி, நடுங்குகிற அப்பாவுக்கு என் ஜாக்கெட்டைப் போர்த்திவிட்டுக் காத்திருந்தோம். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கோளாறைக் கண்டுபிடித்தவர் ஹட்டனில் இருக்கும் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர். முதலில் கேஜை மாட்டினார். காரை நிறுத்தி வைத்தே எஞ்சினை ரேஸ் பண்ணினார். உயர் அழுத்தப் பக்கத்து முள் 400 பிஎஸ்ஐயைத் தாண்டி ஏற, கம்ப்ரஷர் டக்கென்று நின்றது. காரின் முன்பக்கம் சூடான கேஸை ஆறவைக்கும் கொன்டென்சர் மேல் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினார். முள் இறங்கியது, கம்ப்ரஷர் திரும்ப ஓடியது. "கம்ப்ரஷர் நல்லாத்தான் இருக்கு தம்பி, பேனைப் பாருங்க" என்றார். கொன்டென்சருக்குக் காற்றிழுக்கும் பேன் (மின்விசிறி) சுற்றவே இல்லை.

சமதரையில் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே கொன்டென்சரைக் குளிர வைத்துவிடும். ஏற்றத்தில் வேகம் குறைந்து, எஞ்சின் சூடும் கூடும்போது அந்த வேலையைப் பேன்தான் செய்ய வேண்டும். அது சுற்றாவிட்டால் அழுத்தம் ஏறும், குழாய் வெடிக்காமலிருக்க பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஷரை நிறுத்திவிடும். இறக்கத்தில் காற்றுப் பட்டதும் அழுத்தம் குறைந்து திரும்ப ஓடும். அளவுக்கு மேல் கேஸ் அடித்தால் இந்த அழுத்தம் இன்னும் சீக்கிரமாக ஏறும். கடை எனக்குச் செய்தது அதைத்தான்.

பேன் மோட்டரை மாற்றினார். கேஸ் முழுவதையும் எடுத்துவிட்டு, பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும் நிறைப்படி தராசில் வைத்து ஏற்றினார். எல்லாம் சேர்த்துக் கடைக்குக் கொடுத்ததில் கால்வாசிகூட ஆகவில்லை. அதே ரம்பொடை ஏற்றத்தில் இப்போது ஒரு தடவைகூட நிற்கவில்லை.

ஆகவே கடைக்குப் போகும் முன் நீங்களே ஏ.சி.யைப் போட்டுவிட்டு முன்னால் போய் பேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். கொன்டென்சரில் சேறும் பூச்சியும் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஏற்றத்தில் எஞ்சின் சூட்டு முள் மேலே போகிறதென்றால் அது கூலிங் பக்கத்துக் கோளாறு. சூடு கூடினால் எஞ்சினைக் காப்பாற்ற பல கார்களில் கம்ப்யூட்டரே ஏ.சி.யை நிறுத்திவிடும். சின்ன எஞ்சின் கார்களில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தால் சில நொடிகள் நிற்பது சாதாரணம், அதற்கு எந்த ரிப்பேரும் வேண்டாம்.

கேஸ் என்பது பெட்ரோல்போல எரிந்து தீருவதில்லை. குறைந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம், கசிவைக் காட்டாமல் அடிக்கவிடாதீர்கள். அதுவும் கேஸ் குறைந்த ஏ.சி. சமதரையிலும் சரியாகக் குளிராது. கழற்றும் சாமானைத் திருப்பித் தர வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். எந்தச் சாமான், புதியதா பழையதா, எவ்வளவு கேஸ் என்பதெல்லாம் பில்லில் இருக்க வேண்டும்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. சேவை பெற்ற 3 மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். பில்லையும், ஹட்டன்காரர் எழுதித் தந்த அறிக்கையையும் இணைத்து என்னுடையதை அனுப்பிவிட்டேன். பழைய கம்ப்ரஷர் எங்கே போனது என்ற கேள்வியையும் அதில் எழுதியிருக்கிறேன்.