குடல்வால் ஆபரேஷன் செய்தவர்கள் பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்

என் தங்கைக்குப் போன வருடம் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. எங்கள் பக்கத்தில் ஓரளவு பெயர் வாங்கிய தனியார் மருத்துவமனை. சின்னத் துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி என்பதால் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சில மாதம் கழித்து வலது அடிவயிற்றில் அதே வலி, கூடவே வாந்தி, லேசான காய்ச்சல். அதே டாக்டரிடம் போனோம்.

"குடல்வாலைத்தான் எடுத்தாச்சேம்மா, அப்புறம் எப்படி அது வலிக்கும்?" என்று சிரித்துவிட்டு கேஸ் மாத்திரை எழுதினார். அடுத்த முறை மகளிர் மருத்துவரிடம் தள்ளிவிட்டார். சினைப்பையில் ஒன்றும் இல்லை என்று ஸ்கேன் வந்ததும், "டென்ஷன் பட்டா இப்படித்தான் வலிக்கும்" என்றார்கள். அடிவயிறு வலிக்கிறது என்று ஒரு பெண் வந்தால் கடைசியில் எல்லாரும் வந்து நிற்கும் இடம் இதுதான் போல. பீஸ், ஸ்கேன் காசு மட்டும் ஒவ்வொரு முறையும் சரியாக வாங்கினார்கள்.

ஒரு நாள் ராத்திரி அவளால் நிமிரக்கூட முடியவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கிருந்த இளம் சர்ஜன் தழும்பைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "பழைய ஆபரேஷன் நோட்ஸ் இருக்கா?" எங்கள் கையில் டிஸ்சார்ஜ் சம்மரிதான் இருந்தது. அதில் ஆபரேஷனைப் பற்றி ஒரே ஒரு வரி. சிடி ஸ்கேன் எடுத்தார்கள். குடல்வாலின் அடிப்பகுதி வெட்டப்படாமல் நீளமாக மிச்சம் இருந்து, வீங்கி, சுற்றிலும் சீழ் கட்டியிருந்தது.

இதற்கு ஸ்டம்ப் அப்பெண்டிசைடிஸ் என்று பெயர். அபூர்வம்தான், ஆனால் புதிதல்ல. ரோஸ் என்ற மருத்துவர் 1945-லேயே ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். வீக்கம் அதிகமாகி எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தாலோ, குடல்வால் பெருங்குடலுக்குப் பின்னால் மறைந்திருந்தாலோ அதன் அடி எங்கே என்று கண்டுபிடிப்பது கஷ்டம். பெருங்குடலின் மேல் நீளவாக்கில் ஓடும் மூன்று தசைப்பட்டைகளும் அந்த அடியில்தான் வந்து சேரும். அவற்றைப் பிடித்துக்கொண்டே போய் அடியைக் கண்டுபிடித்து வெட்ட வேண்டும். மிச்சம் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. நீளமாக விட்டால் அதிலும் மலக்கல் அடைத்து மறுபடி வீங்கலாம். சில வாரத்திலும் வரும், பல வருடம் கழித்தும் வரும். தழும்பைப் பார்த்ததும் பல டாக்டர்கள் குடல்வாலை மறந்துவிடுவதால்தான் தாமதமாகி ஓட்டை விழும் அளவுக்குப் போகிறது. தங்கைக்கு வயிற்றைத் திறந்து, பெருங்குடலின் ஆரம்பப் பகுதியையும் சேர்த்து எடுக்க வேண்டியதாகிவிட்டது.

மிச்சம் விட்டதற்காக நான் இதை எழுதவில்லை. கஷ்டமான ஆபரேஷனில் யாருக்கும் அது நடக்கலாம் என்று அந்த இளம் சர்ஜனே சொன்னார். அதற்குப் பிறகு நடந்ததுதான் விஷயம்.

ஆபரேஷன் நோட்ஸ் கேட்டுப் போனால் "பைல் ஸ்டோர்ல இருக்கு", "பெரிய டாக்டர் வெளியூர் போயிருக்கார்" என்று இழுத்தடித்தார்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை சொல்கிறது; உள்நோயாளி ஆவணங்களை 3 வருடம் வைத்திருக்கவும் வேண்டும். இதைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு மனு அனுப்பினோம். வாயால் கேட்டபோது கிடைக்காத பைல் உடனே கிடைத்துவிட்டது.

அதில் "அடிப்பகுதி தெளிவாகத் தெரியவில்லை" என்று அவர்கள் கையாலேயே எழுதியிருக்கிறார்கள். இதைத் தெரிந்துவைத்துக்கொண்டுதான் கேஸ் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அடுத்தது இன்னும் மோசம். வெட்டி எடுத்ததைப் பயாப்ஸிக்கு, அதாவது லேபில் வைத்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பியதாக பில்லில் காசு வாங்கியிருக்கிறார்கள், பைலில் ரிப்போர்ட்டே இல்லை. எந்த லேபுக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. அந்த ரிப்போர்ட்டில் எடுத்த துண்டின் நீளம் இருந்திருக்கும்; மிச்சம் விட்டிருக்கலாம் என்ற சந்தேகம் அப்போதே வந்திருக்கும்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். சிகிச்சைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. நோட்டீஸ் போன பிறகு மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. பயாப்ஸிக்கு வாங்கிய காசை மட்டும் திருப்பித் தருகிறார்களாம்.