480 வெள்ளி பூட்ஸா, 15 வெள்ளி ரப்பர் சப்பாத்தா? மழைக்காட்டு நடைக்கு நான் போட்ட கணக்கு

மலேசியாவின் தாமான் நெகாரா தேசியப் பூங்காவில், கோலா கெனியாமிலிருந்து கோலா திரெங்கான் நோக்கி வரும் காட்டுப் பாதையில், இரண்டாம் நாள் மதியம் என் வலது பூட்ஸ் வாய் பிளந்தது. முதலில் சகதி காலை இழுக்கிற சத்தம் என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தால் முன்பக்க அடி தனியாகத் தொங்குகிறது. நடுவில் இருந்த நுரைப் பகுதி, தேநீரில் ஊறிய பிஸ்கட் மாதிரி விரலோடு உதிர்ந்து வந்தது. கோலாலம்பூரில் 480 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கிய பூட்ஸ். அதற்கு முன் நாலே முறைதான் காட்டைப் பார்த்திருந்தது.

வழிகாட்டி ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து ராஃபியா கயிற்றை எடுத்து, பாதத்தோடு சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினார். கட்டி முடித்த பிறகுதான் அவர் காலைக் கவனித்தேன். கறுப்பு ரப்பர் சப்பாத்து. மலேசியாவில் எல்லோரும் ‘கம்போங் அடிடாஸ்’ என்று செல்லமாகக் கூப்பிடுவது. பெயரில்தான் அடிடாஸ், அந்த நிறுவனத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கம்போங் என்றால் கிராமம். கிராமத்து மளிகைக் கடையிலும் இரும்புச் சாமான் கடையிலும் உரமூட்டைக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். 15 வெள்ளிக்குள் முடிந்துவிடும்.

எனக்கு அது புதுசே இல்லை. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டப் போன காலமெல்லாம் அதைத்தான் போட்டிருந்தார். லயத்து வீட்டின் பின்வாசலில் ஒரு ஜோடி எப்போதும் கவிழ்ந்தே கிடக்கும். அதனால்தானோ என்னவோ, மலையேற்றம் என்று ஆரம்பித்தபோது அதை ஒரு காலணியாகவே நான் நினைக்கவில்லை. திரும்பி வந்து பூட்ஸ் கதையைச் சொன்னபோது அம்மா கேட்டார்: “ஏய்யா, விடியக்காலையில இருட்டுல, மழை விட்ட சகதியில, மேடும் பள்ளமுமா முப்பது வருசம் அதைப் போட்டுத்தானே நடந்தேன்? என்னைக் கேட்டிருக்கலாம்ல.” கேட்டிருக்கலாம்தான்.

அதற்குப் பிறகு ஆறு வருஷமாக ரப்பர் சப்பாத்துதான். பூட்ஸ் நல்லதா, ரப்பர் நல்லதா என்று புதிதாகக் காட்டு நடைக்கு வருகிற தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்கிறார்கள். நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனால் பூட்ஸ் ஜெயிக்கிற இடங்களும் உண்டு. அதையும் சொல்கிறேன்.

விலையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மிச்சமாகும் 400 சொச்சம் வெள்ளியில் ஜெராந்துட் வரை பஸ், தெம்பெலிங் ஆற்றில் படகு, வழிகாட்டிக்கு உங்கள் பங்கு எல்லாம் கட்டிவிடலாம். குறைந்த செலவில் காடு பார்க்க நினைப்பவர் கைவைக்கக் கூடாத செலவு வழிகாட்டிதான். அந்தப் பூங்காவின் குனோங் தாஹான் மலைக்கு வழிகாட்டி இல்லாமல் விடவே மாட்டார்கள். அந்தக் காசைக் காலணியில் கொட்டிவிட்டு வழிகாட்டி கூலியில் பேரம் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

பிடிமானம். ரப்பர் சப்பாத்தின் அடியில் பந்தாட்டக் காலணி போலக் குட்டைக் குட்டையாகக் குமிழ்கள் இருக்கும். களிமண் சரிவிலும், வேர் பின்னிக் கிடக்கும் ஏற்றத்திலும் அவை மண்ணுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். குமிழ்களுக்கு நடுவே இடைவெளி அகலம் என்பதால் சகதி அப்பிக்கொள்ளாது, ரெண்டு தட்டுத் தட்டினால் விழுந்துவிடும். என் பூட்ஸின் அடியில் நெருக்கமான வரிப்பள்ளங்கள். பத்து நிமிஷத்தில் எல்லாம் சகதி நிறைந்து வழவழவென்று ஆகிவிடும். ஆனால் ஈரமான பலகை நடைபாதையில் ரப்பர் குமிழ்கள் வழுக்கும். கோலா தாஹானில் காட்டுக்குள் நுழையும் முதல் கொஞ்ச தூரம் பலகைப் பாதைதான். நான் அதில்தான் இரண்டு முறை விழுந்திருக்கிறேன், காட்டுக்குள் அல்ல.

அட்டை. மலாய்க்காரர்கள் பச்சாட் என்பார்கள். இலை நுனியில் எழுந்து நின்று தலையை ஆட்டி ஆட்டிக் காத்திருக்கும். பூட்ஸில் கயிறு போகும் துளைகளும், நாக்குப் பட்டைக்கு இரு பக்கமும் இடுக்குகளும் இருக்கின்றன. நூல் மாதிரி மெலிந்து அதற்குள் நுழைந்துவிடும். சாயங்காலம் கழற்றினால் திராட்சைப் பழம் போல உருண்டு உட்கார்ந்திருக்கும். ரப்பரில் துளையும் இல்லை, இடுக்கும் இல்லை. மேலே ஒரே வாய்தான். நீளமான பந்தாட்டக் காலுறையை முழங்கால் வரை இழுத்து, காற்சட்டையை அதற்குள் செருகிவிட்டால் போதும். ஏறுகிற அட்டை கண்ணுக்குத் தெரிந்தே ஏறும், சுண்டிவிடலாம்.

இதெல்லாம் ஒரு பக்கம். என் மனசை மாற்றியது ஒரே ஒரு விஷயம்: நனைந்த பிறகு என்ன ஆகிறது என்பது.

மழைக்காட்டில் கால் நனையாமல் காப்பாற்றலாம் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். மழை வராவிட்டாலும் ஓடை வரும். தாஹான் மலைக்குக் கோலா தாஹான் வழியாக ஏறினால் ஒரே ஆற்றைத் திரும்பத் திரும்பக் கடக்க வேண்டும், முழங்கால், சில சமயம் இடுப்பு வரை தண்ணீர். தண்ணீர் புகாத சவ்வு வைத்த பூட்ஸ் வெளித் தண்ணீரைத் தடுக்கும், உண்மைதான். ஆனால் தண்ணீர் கணுக்காலுக்கு மேலே இருந்து உள்ளே ஊற்றினால் அதே சவ்வு அதை வெளியே விடாது. வியர்வை ஆவியை அது வெளியே தள்ள வேண்டுமானால் வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிட உலர்ந்திருக்க வேண்டும். இங்கே காற்றே ஈரத்துணி மாதிரி. குளிர்நாட்டு மலைகளுக்கு யோசித்துச் செய்த பொருள் அது. அங்கே அருமையாக வேலை செய்யும். நம் பகாங் மாநிலக் காட்டில் அது கால்களுக்கு இரண்டு வாளியாகிவிடும்.

அந்தப் பயணத்தின் முதல் ராத்திரி குவா கெப்பாயாங் குகையில் தங்கினோம். பெரிய சுண்ணாம்புக் குகை, உள்ளே தரை காய்ந்து தூசியாக இருந்தது, காட்டில் அதைவிட உலர்ந்த இடம் கிடைக்காது. பூட்ஸுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கும் உள்மெத்தையை உருவினேன், மடித்துக் கொண்டுவந்த செய்தித்தாளைக் கசக்கித் திணித்தேன், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து தாளை மாற்றினேன். அடுப்புப் பக்கம் வைக்க மனசு சொன்னது. ஆனால் சூட்டில் பசை இளகும் என்று பயந்து தள்ளியே வைத்தேன். விடிந்ததும் உலர்ந்த காலுறையை மாட்டிக்கொண்டு காலை உள்ளே விட்டால் சளக்கென்று ஒரு சத்தம். உலர்ந்த காலுறையின் ஆயுள் அரை நிமிஷம். வழிகாட்டி அதே நேரத்தில் என்ன செய்தார் தெரியுமா? முந்தின சாயங்காலமே சப்பாத்தைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டி, பழைய துணியால் உள்ளே ஒரு துடை துடைத்து, இரண்டு குச்சியை மண்ணில் நட்டுத் தலைகீழாக மாட்டிவிட்டார். காலையில் அது காய்ந்து கிடந்தது. ஒரே வார்ப்பு. உறிஞ்சிக்கொள்ள அதில் துணியும் இல்லை, பஞ்சும் இல்லை.

பகலில் ரப்பரிலும் கால் நனைந்துதான் இருக்கும், இதில் ஏமாற வேண்டாம். ஆனால் ஓடையைத் தாண்டியதும் ஒற்றைக் காலில் நின்று கவிழ்த்தால் முடிந்தது. ஈரம் ஊறிய பூட்ஸின் கனத்தை நாள் முழுக்கத் தூக்கி வைக்க வேண்டியதில்லை. முக்கியமாக, ராத்திரி எட்டு மணி நேரமாவது கால் தோல் உலர வேண்டும். தோல் வெளுத்து, சுருங்கி, மடிப்பு மடிப்பாக ஆனால் மூன்றாம் நாள் அது உரிய ஆரம்பிக்கும், அதற்குப் பிறகு எந்தக் காலணியும் உதவாது. படுக்கும் முன் கழுவித் துடைத்து, விரல் இடுக்கில் பவுடர் போட்டு, ஒரு ஜோடி காலுறையைத் தூங்குவதற்கென்றே பிளாஸ்டிக் பையில் பிரித்து வைத்திருங்கள். அதைப் போட்டுக்கொண்டு ஓர் அடிகூட நடக்கக் கூடாது. காலையில் முகம் சுளித்துக்கொண்டு ஈரக் காலுறையைத்தான் மாட்ட வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகும் இந்தக் கணக்கு தொடர்கிறது. என் பூட்ஸ் ஏன் பிளந்தது என்று பிறகு விசாரித்தேன். பல மலையேற்றப் பூட்ஸ்களின் நடு அடி பாலியூரித்தேன் நுரையால் ஆனது. காற்றில் இருக்கும் ஈரம் அந்த நுரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். வெப்பமும் ஈரப்பதமும் கூடினால் வேகமும் கூடும். பயன்படுத்தாமல் பெட்டியில் பூட்டி வைத்தால் தப்பிக்காது, அப்படிக் கிடப்பதுதான் அதற்கு இன்னும் ஆகாது. நான் இரண்டு வருஷம் அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தேன். பத்திரமாக வைத்ததுதான் தப்பு. வாங்கிய கடையில் கேட்டபோது, உபயோகத் தேய்மானத்துக்கு உத்தரவாதம் கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள். இ.வி.ஏ. என்ற வேறு வகை நுரை வைத்த காலணிகளில் இந்தச் சிதைவு இல்லை. ஆனால் பசை விட்டுப்போவது அவற்றிலும் நடக்கும். தோல் பூட்ஸ் என்றால் பூஞ்சை வேறு. நம் ஊர் வீட்டில் ஒரு மாதம் திறந்து பார்க்காவிட்டால் வெள்ளை பூத்திருக்கும். துடைக்க, மெழுகு தேய்க்க, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் வைக்க என்று வருஷத்துக்கு இரண்டு முறை போகிறவனுக்கு அது தனி உழைப்பு.

ரப்பருக்கு நான் செய்யும் பராமரிப்பு: குழாயடியில் கழுவுவேன், வெயில் படாத இடத்தில் கவிழ்ப்பேன். அவ்வளவுதான்.

இனி பூட்ஸ் ஜெயிக்கும் இடங்கள். கணுக்காலுக்கு ரப்பர் எந்தத் தாங்கலும் தராது. ஏற்கெனவே சுளுக்கிய கால், அல்லது முதுகில் இருபது கிலோவுக்கு மேல் சுமை என்றால் நான் துணிந்து ரப்பரைச் சொல்ல மாட்டேன். கினபாலு மலையில் சுமை தூக்குவோர் இதே சப்பாத்தோடு ஏறுகிறார்கள் என்று பதில் வரும். அவர்களுடைய பாதம் சின்ன வயசிலிருந்து பழகிய பாதம், அலுவலக நாற்காலியில் உட்கார்ந்த நம் பாதத்தை அதோடு வைத்துப் பார்க்கக் கூடாது. அடி மெல்லிசு, கூர்க்கல் ஒவ்வொன்றும் உள்ளங்காலில் தெரியும். முதல் பயணத்தில் இரவு பாதம் இரண்டும் அடி வாங்கியது போல வலித்தது. கனமான உள்மெத்தை ஒன்று வாங்கிப் போட்ட பிறகு பரவாயில்லை. கூரான சுண்ணாம்புப் பாறைப் பாதைகளில் நான் அதிகம் நடந்ததில்லை. அங்கே கெட்டியான அடி உள்ள பூட்ஸைத்தான் நானும் யோசிப்பேன். இறக்கத்தில் கால் முன்னே சரிந்து பெருவிரல் நகம் இடிக்கும் தொல்லையும் ரப்பரில் அதிகம். கயிறு கட்டி இறுக்க வழியில்லை அல்லவா.

வலைத்துணி ஓட்டக் காலணிகளை இரண்டு பயணத்தில்தான் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் சீக்கிரம் வடிகிறது, காலுக்கும் சுகம். ஆனால் பிரம்பு முள் ஒரே இழுப்பில் வலையைக் கிழித்தது. கிழியாமல் இருந்திருந்தால் என் முடிவு மாறியிருக்குமோ என்னவோ. சாண்டல் வேண்டவே வேண்டாம். காலில் ஒரு கீறலோடு தேங்கிய தண்ணீரில் நடந்தால் எலிக்காய்ச்சல் வரலாம், இந்த நாட்டில் அது அபூர்வமும் இல்லை.

ரப்பர் என்று முடிவு செய்தால் கடைக்குப் போகும்போது பந்தாட்டக் காலுறையைக் கையோடு கொண்டுபோங்கள். அதை மாட்டிக்கொண்டு, வழக்கமாகப் போடுவதைவிட ஓர் அளவு பெரியதைப் போட்டுப் பாருங்கள். குதிகால் கொஞ்சம் மேலே எழும்ப வேண்டும், ஆனால் கழன்று வரக் கூடாது. விரலை உள்ளே விட்டு, பின்பக்கம் கணுக்காலுக்குக் கீழே வார்ப்பு வரி துருத்திக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். தோலை உரிக்கிற இடம் அதுதான். துருத்தியிருந்தால் உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்துவிடலாம். காட்டுக்குப் போகும் முன்னால் இரண்டு வாரம் வீட்டுத் தோட்ட வேலைக்கு அதையே போடுங்கள். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். தார் ரோட்டில் மட்டும் நடக்காதீர்கள், குமிழ்கள் அங்கேதான் தேய்கின்றன.

என்னிடம் இப்போது இருப்பது மூன்றாவது ஜோடி. இடது குதிகால் பக்கம் நாலு குமிழ் மழுங்கிவிட்டது. ஆகஸ்டில் தாஹான் மலைக்குப் போவதாக இருக்கிறோம், அதற்குள் புதுசு வாங்க வேண்டும். பழையதை அம்மா கேட்டிருக்கிறார், கொல்லையில் மரவள்ளிக்கு மண் அணைக்கும்போது போட்டுக்கொள்ள.