வாளியா, பரங்கிக்காயா?

தண்ணீரில் சிறு பெப்டைடை, அதாவது குட்டி அமினோ அமிலச் சங்கிலியை, இனங்கண்டு பிடிக்கும் மூலக்கூறான செயற்கை ஏற்பிக்கு பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரினா, குக்கர்பிட்[7]யூரிலா? புதுச்சேரி காலாப்பட்டில் ஆய்வு தொடங்கும் தம்பி, தங்கைகள் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

முன்னது 7 குளுக்கோஸ் அலகுகள் சேர்ந்த, அடியில்லாத வாளி. மாவுச்சத்திலிருந்து வருவதால் மலிவு. ஆனால் பென்சீன் வளையமுள்ள அமினோ அமிலமான ஃபினைல்அலனினைத் தளர்வாகத்தான் பிடிக்கும்.

பின்னது பெரிய மார்க்கெட்டில் அடுக்கி வைத்திருக்கும் பரங்கிக்காய் மாதிரி. பெயரே அந்தக் குடும்பத்துப் பெயர்தான். உள்ளே அடைபட்ட நீர் மூலக்கூறுகளுக்குப் போதிய ஹைட்ரஜன் பிணைப்பு கிடைப்பதில்லை. பென்சீன் வளையம் நுழைந்ததும் அவை வெளியேறிவிடும். அப்புறம் விளிம்பிலுள்ள ஆக்சிஜன்கள் பெப்டைடு முனையின் நேர்மின் அமோனியத்தைப் பற்றிக்கொள்ளும். இன்சுலினின் பி சங்கிலி ஃபினைல்அலனினில் தொடங்குவதால் அதையும் இறுகப் பிடிக்கிறது, எவ்வளவு அழகு!

விலை கூடுதல்தான், சரி. ஆனாலும் நான் பரங்கிக்காயைத்தான் எடுப்பேன். சோடியம் அயனிகள் அதே விளிம்புக்குப் போட்டியிடும். அதனால் பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசலில்) உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.