எச்சரிக்கை: ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கப்படும் மீசைக்காரரை நம்பாதீர்கள்

வீட்டு மீன் தொட்டியில் புதிதாக விட்ட சின்ன மீன்கள் ஒவ்வொன்றாகக் குறைகின்றனவா? ஓர் உடல்கூடக் கண்ணில் படவில்லையா? மருந்து வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். தொட்டியின் அடியில் நீண்ட மீசையோடு ஒரு மீன் சுற்றிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சென்னையில் நான் வழக்கமாக மீன் வாங்கும் கடை ஒன்று எனக்கு நியான் டெட்ரா என்ற சின்ன மீன்களை விற்றது. அவற்றைத் தின்னும் மீனையும் அதே நாளில் விற்றது. பிறகு, காணாமல் போனவற்றுக்கு மருந்தையும் விற்றது. மூன்றுக்கும் பணம் என் சட்டைப் பையிலிருந்து போனது. கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

என்னுடையது மூன்றடித் தொட்டி, சுமார் 150 லிட்டர் தண்ணீர். பிளாட்டியும் விடோ டெட்ராவும் அதில் நெடுநாளாக நன்றாகவே இருக்கின்றன. அதில் ஒரு கூட்டம் நியான் விட வேண்டும், அடியில் தேங்கும் தீனியைத் தின்ன இரண்டு கோரிடோராஸ் (சுருக்கமாகக் கோரி, அடியில் மேயும் சின்னக் கெளுத்தி மீன்) வேண்டும் என்று கேட்டேன். கோரி கைவசம் இல்லை என்றார் கடைக்காரர். பக்கத்துத் தொட்டியைக் காட்டி, “இதுவும் கேட்ஃபிஷ்தான் சார், கோரி மாதிரியேதான். டேங்க் கிளீனர். அடியில் கிடப்பதைத் தின்றுகொண்டு அது பாட்டுக்கு இருக்கும், யாரையும் தொடாது” என்றார். நியான்களோடு விடலாமா என்று தெளிவாகவே கேட்டேன். “இரண்டுமே அமேசான் மீன் சார். அங்கே ஒன்றாகத்தானே இருக்கின்றன?” என்று பதில் வந்தது. சொல்லும்போதே அவர் கை நியான்களை வலையில் அள்ளிக்கொண்டிருந்தது.

அந்தப் பதிலின் அழகு பிறகுதான் புரிந்தது. அமேசானில் ஒன்றாக இருப்பது உண்மைதான். ஒன்று மற்றதைத் தின்றுகொண்டு ஒன்றாக இருக்கிறது.

அவர் கொடுத்தது பிக்டஸ் கேட்ஃபிஷ். வெள்ளி உடம்பு, அதில் கறுப்புப் புள்ளிகள், வால் வரை நீளும் மீசை. பார்க்க மிக அழகான மீன் என்பதை மறுக்க முடியாது. அமேசான், ஓரினோகோ ஆற்றுப் படுகைகளைச் சேர்ந்தது. முழு வளர்ச்சியில் 11 சென்டிமீட்டர் வரை வரும். பகலில் கட்டைக்குப் பின்னால் பதுங்கும், விளக்கை அணைத்தால் வேட்டைக்குக் கிளம்பும். நியானோ கடையில் வாங்கும்போது 2 சென்டிமீட்டர்தான் இருக்கும். இரவில் அது நிறம் மங்கி, அசையாமல் ஓரிடத்தில் நின்று ஓய்வெடுக்கும். இந்த இரண்டையும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு ‘கிளீனர்’ என்று பெயர் சூட்டுவது, பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பதுதான்.

முதல் சில காலைகளில் எண்ணிக்கை ஒன்றிரண்டு குறைந்தது. நியான்களை எண்ணுவது சுலபமில்லை. செடிக்குள் புகுந்துகொள்ளும், நின்று எண்ண விடாது. ஆனாலும் கூட்டம் மெலிவது தெரிந்தது. கடைக்குப் போனேன். நான் வாய் திறப்பதற்குள் தீர்ப்பு தயாராக இருந்தது. “தண்ணீர் சரியில்லை சார், அம்மோனியா ஏறியிருக்கும்.” கையில் ஒரு நீல மருந்துப் புட்டி, கூடவே ஒரு பொட்டலம் உப்பு. அடுத்த முறை போனபோது, “நியான் ரொம்ப மென்மையான மீன், கும்பலாக விட்டால்தான் தாங்கும்” என்று சொல்லி இன்னும் ஒரு பை நியான்களைக் கட்டிக் கொடுத்தார். அதற்கடுத்த முறை, குதித்திருக்கும் என்றார். பிறகு, ஃபில்டர் இழுத்திருக்கும் என்றார். ஒவ்வொரு காரணத்தோடும் விற்பதற்கு ஒரு பொருள் இருந்தது. “அந்த மீசை மீனை எடுத்துவிடுங்கள்” என்ற செலவில்லாத யோசனை மட்டும் அவர் வாயிலிருந்து வரவே இல்லை.

அவர் சொன்ன காரணங்கள் எதுவும் கட்டுக்கதை அல்ல. மீன் வளர்ப்பில் இவையெல்லாம் நடப்பவைதான். அதனால்தான் இந்த ஏமாற்று எடுபடுகிறது. ஆகவே ஒவ்வொன்றையும் எப்படிச் சோதித்து விலக்குவது என்று எழுதுகிறேன். இது உங்களுக்கு உதவக்கூடும்.

அம்மோனியாவை எடுத்துக்கொள்வோம். புதிய தொட்டியில் மீன் கழிவிலிருந்து அம்மோனியா சேரும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேறச் சாதாரணமாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குள் மீன்களை நிறைய விட்டால் சாவுதான். ஆனால் அந்தச் சாவு கண்ணுக்குத் தெரியும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கும், செவுள் சிவக்கும், உடல்கள் மிதக்கும் அல்லது அடியில் கிடக்கும். என் தொட்டியோ பழையது. சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கிப் பார்த்தேன். அம்மோனியாவும் பூஜ்யம், நைட்ரைட்டும் பூஜ்யம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கேள்வி. தண்ணீரில் விஷம் இருந்தால் பிளாட்டியும் விடோவும் எப்படி வழக்கம்போலத் தீனிக்குச் சண்டை போடுகின்றன? அம்மோனியா ஆளின் அளவு பார்த்துக் கொல்வதில்லை. வாய்க்குள் அடங்கும் அளவு மீன்கள் மட்டும் மறைகின்றன என்றால், தொட்டியில் ஒரு வாய் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

குதித்திருக்கலாமா? என் தொட்டிக்குக் கண்ணாடி மூடி உண்டு. குழாய் நுழையும் இடைவெளியை ஸ்பான்ஞ்சால் அடைத்திருக்கிறேன். அப்படியே குதித்திருந்தாலும் நம் வீடுகளில் எறும்பு வரிசை காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டாண்டுக்குப் பின்னாலும் சோபாவுக்கு அடியிலும் தேடினேன், ஒன்றும் இல்லை. வீட்டில் பூனையும் கிடையாது.

ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன். கசடைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆரோக்கியமான நியான் ஃபில்டர் இழுப்பை எதிர்த்து நீந்திவிடும். நோயில் தளர்ந்ததோ ஏற்கெனவே செத்ததோதான் வாயில் ஒட்டிக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் உறிஞ்சும் வாயில் ஒரு துண்டு ஸ்பான்ஞ் மாட்டிவிடுங்கள், போதும்.

நோய் என்றால் அறிகுறி இருக்கும். நியானைத் தாக்கும் ஒட்டுண்ணி நோய் ஒன்று உண்டு, அதற்கு ‘நியான் டெட்ரா நோய்’ என்றே பெயர். நிறம் திட்டுத்திட்டாக வெளுக்கும், முதுகு வளையும், மீன் கூட்டத்தை விட்டுத் தனியே நிற்கும். இரவில் நிறம் மங்குவதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. விளக்கு போட்டுச் சற்று நேரத்தில் அந்த நிறம் திரும்பிவிடும். என் மீன்கள் மாலையில் நன்றாகத் தின்றுவிட்டுக் காலையில் இல்லாமல் போயின.

ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். சென்னை வெயிலில் தொட்டித் தண்ணீர் 29, 30 டிகிரியில் இருக்கும்போது, 2 சென்டிமீட்டர் மீனின் உடல் வெகு விரைவில் அழுகும். நத்தையும் மற்ற மீன்களும் கொத்தியே முடித்துவிடும். ஆகவே ஒரே ஒரு மீன் காணாமல் போனதை வைத்து யார் மேலும் பழி போட முடியாது. ஆனால் தொடர்ந்து, இரவில் மட்டும், சின்னதாகப் பார்த்து, ஒரு செதில்கூட மிச்சமில்லாமல் என்றால் அது வேறு கதை.

நள்ளிரவுக்குப் பிறகு சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச்சோடு தொட்டி முன்னால் உட்கார்ந்தேன். சிவப்பு வெளிச்சத்தில் மீன்கள் அவ்வளவாக மிரள்வதில்லை. பகல் முழுதும் கட்டைக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்த ‘கிளீனர்’, நடுத் தண்ணீரில் மீசையை விரித்தபடி செடி செடியாகத் துழாவிக்கொண்டிருந்தது. அடியில் கிடந்த தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மீசை ஒரு நியானின் மேல் பட்டது. அடுத்த நொடி நியான் இல்லை. துரத்தலும் இல்லை, போராட்டமும் இல்லை. காலையில் அதன் வயிறு கோலிக்குண்டு விழுங்கியதுபோல் புடைத்திருந்தது, போட்ட தீனியைத் தொடவில்லை. உறுதிப்படுத்திக்கொள்ள அதை, காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்ட மூடிய பக்கெட்டுக்கு மாற்றினேன். அன்றிலிருந்து நியான் எண்ணிக்கை குறையவே இல்லை.

பிடிக்கும்போது ஒரு ஜாக்கிரதை வேண்டும். பிக்டஸின் பக்கத் துடுப்புகளிலும் முதுகுத் துடுப்பிலும் ரம்பப் பல் கொண்ட முள் இருக்கிறது. வலையில் சிக்கினால் விடுவிக்க முடியாது, கையில் குத்தினால் நன்றாக வலிக்கும். பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீரோடு மொண்டு எடுப்பதே நல்லது.

அந்த மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு அதிகம் கோபம் வந்தது அதில்தான். நீல மருந்து என்று கொடுத்தது மெத்திலீன் ப்ளூ. பூஞ்சைக்கும், தனித் தொட்டியில் முட்டைகளைக் காப்பதற்கும் அதற்குப் பயன் உண்டு. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் ஊற்றினால், அம்மோனியாவை மாற்றித் தரும் அந்த பாக்டீரியாவையே அது கெடுக்கும். அதாவது, இல்லாத அம்மோனியாவுக்கு வாங்கிய மருந்து நிஜமாகவே அம்மோனியாவைக் கொண்டுவந்து சேர்க்கும். பிறகு மீன்கள் உண்மையிலேயே செத்து மிதக்கும். கடைக்காரர் சொன்னது சரியாகப் போய்விடும்! போதாக்குறைக்கு, கேட்ஃபிஷ்களுக்குச் செதில் கிடையாது. உப்பையும் மருந்தையும் அவை மற்ற மீன்களைப் போலத் தாங்குவதில்லை. சோதனைப் பெட்டி பூஜ்யம் காட்டியதால் அந்தப் புட்டியைத் திறக்கவே இல்லை. திருப்பிக் கொடுத்தபோது, மருந்து மாற்ற முடியாது என்றார்.

மீனையும் திரும்ப எடுக்க மாட்டேன் என்றார். “கடைக்குள் இருக்கும்வரைதான் சார் எங்கள் பொறுப்பு.” சரி, நியானைத் தின்னும் மீனை நியானோடு விடலாம் என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். “எல்லா மீனும் பசித்தால் தின்னத்தான் செய்யும், நீங்கள் தீனி குறைவாகப் போட்டிருப்பீர்கள்” என்றார். அப்போது அவருடைய தொட்டிகளைக் கவனித்தேன். பிக்டஸ்கள் இருந்த தொட்டியில் கூட இருந்தவை உள்ளங்கை அகலச் சில்வர் டாலர் மீன்கள் மட்டுமே. நியான், கப்பி, கோரி எல்லாம் எதிர்ச் சுவரில், தனித்தனித் தொட்டிகளில். தன் சரக்கை எங்கே வைப்பது என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. வெளியே வரும்போது கடைப் பையன், “அண்ணா, அதைப் பெரிய மீன்களோடுதான் விடணும்” என்று மெதுவாகச் சொன்னான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

பிக்டஸ் ஓர் உதாரணம்தான். இதே பாணியில் கைமாறும் மீன்கள் இன்னும் பல உண்டு. இரண்டு அங்குலக் குஞ்சாக, வெள்ளை மீசையோடு துறுதுறுவென்று இருக்கும் ரெட் டெயில் கேட்ஃபிஷ், ஒரு மீட்டருக்கும் மேல் வளரும். ‘ஷார்க்’ என்று குழந்தைகளுக்கு ஆசை காட்டி விற்கப்படுவது பெரும்பாலும் பங்காசியஸ் குஞ்சு. ஹோட்டல்களில் பாசா என்று தட்டில் வருகிறதே, அதே மீன், அதுவும் ஒரு மீட்டரைத் தாண்டும். ஏஞ்சல் மீன் குஞ்சாக இருக்கும்போது நியானோடு சமர்த்தாக இருக்கும், வளர்ந்ததும் அதே நியானை விழுங்கும். பாசி தின்னும் என்று தரப்படும் சக்கர் மீன் யாரையும் விழுங்காது, ஆனால் ஒன்றரை அடி வரை வளர்ந்து தொட்டியை நாசமாக்கும். அதைத் தாங்க முடியாதவர்கள் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அந்த மீன் பல நீர்நிலைகளில் பெருகி உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கோரி கேட்டால் கோரிதானா என்று பார்த்து வாங்குங்கள். கோரியின் மீசை குட்டையாக, வாயோரம் மட்டும் இருக்கும். வாய் சின்னதாகக் கீழ்நோக்கி இருக்கும். பக்கவாட்டில் ஓடு போன்ற இரண்டு வரிசைத் தகடுகள் தெரியும். மீசை உடம்பின் பாதியைத் தாண்டி, வாய் முன்பக்கம் அகலமாகப் பிளந்திருந்தால், அது என்ன பெயரில் வந்தாலும் சின்ன மீன்களோடு விடக் கூடாது.

என் பிக்டஸ் இப்போது பெரிய பார்ப்களும் சில்வர் டாலர்களும் வளர்க்கும் ஒரு நண்பரின் ஐந்தடித் தொட்டியில் இருக்கிறது. அதன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. எனக்குத் திரும்பி வராத பணம் நியான், பிக்டஸ், மருந்து எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, புகார் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்டபோது பில் கொடுக்கவில்லை. சின்ன மீன் கடைகள் பலவற்றில் பில் என்ற பழக்கமே இல்லை.

அதனால் மீன் பையைக் கையில் வாங்குவதற்கு முன்பே பில் கேளுங்கள். வீட்டுத் தொட்டியின் படத்தைச் செல்பேசியில் காட்டுங்கள். மீனின் பெயரையும், இவற்றோடு விடலாம் என்பதையும் அதே பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் எழுதித் தருவார், அல்லது “இதை விடாதீர்கள்” என்று சொல்லித் தடுப்பார். என் கடைக்காரரிடம் கடைசியாக இதைக் கேட்டுப் பார்த்தேன். பேனா இல்லை என்றார்.